சேலத்தில் காருக்கு ஏர் சஸ்பென்ஷன்: மனுவில் தொடங்கி ஏற்காடு ஏறி இறங்கும் வரை

ஒரு பட்டனைத் தட்டினால் கார் தரையோடு படுக்க வேண்டும், இன்னொன்றைத் தட்டினால் எழுந்து வேகத்தடையைத் தாண்ட வேண்டும். இந்த ஆசையோடு பெங்களூருக்கும் கோயம்புத்தூருக்கும் போன் போட்டுக்கொண்டிருக்கும் சேலத்துக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். எதை முதலில் செய்ய வேண்டும், எதைக் கடைசியில் செய்ய வேண்டும் என்று எனக்கு யாரும் வரிசையாகச் சொல்லவில்லை. கடைக்காரர் கிட் விலையைச் சொல்வார், பட்டறைக்காரர் கூலியைச் சொல்வார், இரண்டுக்கும் நடுவே இருப்பதெல்லாம் நம் தலையில்தான் விழும்.

நம் ஊருக்கு மட்டும் ஒரு கூடுதல் நிபந்தனை இருக்கிறது. சமவெளி நகரத்தில் ஓடும் காருக்கு எது போதுமோ அது இங்கே போதாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எப்படியும் ஏற்காடு ஏறத்தான் போகிறீர்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து, குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஏறி இறங்கும் வண்டியாக அது இருக்க வேண்டும். கீழே சொல்வது எல்லாம் அதை மனதில் வைத்துத்தான்.

1. எந்த வகை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

மூன்று வகை இருக்கிறது. மூன்றுக்கும் விலையும் சட்டச் சிக்கலும் வேறு வேறு.

முதலாவது, உதவிப் பெல்லோ. கம்பெனி ஸ்பிரிங் அப்படியே இருக்கும். காயில் ஸ்பிரிங்கின் உள்ளே ஒரு ரப்பர் பையை (இதுதான் பெல்லோ) நுழைத்துக் காற்றடிப்பார்கள். பின்சீட்டில் மூன்று பேரும் டிக்கி நிறையச் சாமானும் ஏறினால் பின்பக்கம் அமுங்காமல் தாங்கும். இதற்குக் கம்ப்ரஸர்கூடத் தேவையில்லை. ஒரு டயர் வால்வை பம்பருக்கு அடியில் வைத்து, பெட்ரோல் பங்க்கில் காற்றடித்துக்கொள்ளலாம். ஏர் லிஃப்ட் 1000 போன்ற கிட்டுகளுக்கு 5 முதல் 35 பி.எஸ்.ஐ. வரைதான் அழுத்தம். 5-க்குக் கீழே விட்டால் பை ஸ்பிரிங்குக்குள் மடங்கிக் கிழியும். இதனால் கார் தாழாது. ஆனால் அடிக்கடி ஏற்காடு போகிறவர்களுக்கு உண்மையான பயன் தருவது இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இரண்டாவது, முழு ஏர் சஸ்பென்ஷன். நான்கு சக்கரத்திலும் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, பெல்லோவும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஸ்ட்ரட்டை போல்ட் போட்டுப் பொருத்துவது. டிக்கியில் காற்றை அழுத்தும் கம்ப்ரஸர், அதைச் சேர்த்து வைக்கும் டேங்க், ஒவ்வொரு பெல்லோவுக்கும் காற்றைத் திறந்து மூடும் வால்வ் பிளாக் எல்லாம் உட்காரும். படங்களில் பார்த்து நாம் ஆசைப்படுவது இதைத்தான்.

மூன்றாவது, சேஸிஸை (வண்டியின் அடிச்சட்டத்தை) வெட்டிப் பள்ளம் (நாட்ச்) போட்டு, பாடி தரையைத் தொடும் அளவுக்கு இறக்குவது. ரோட்டில் ஓட்டும் வண்டிக்கு இதைச் செய்யாதீர்கள். நம் நாட்டில் இதற்கு அனுமதியும் இல்லை. விபத்து நடந்தால் எந்த இடத்தில் மடங்க வேண்டும் என்று கம்பெனி கணக்குப் போட்டு வைத்த இரும்பை நாமே அறுக்கிறோம். எந்தப் பட்டறையிலாவது ‘கொஞ்சம்தான் வெட்டணும் சார்’ என்று சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

2. காசு கட்டும் முன் காகிதம்

இந்தப் படியை எல்லோரும் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். கட்டாயம் முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு முரணாகும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182-ஏ பிரிவு சேர்ந்தது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ‘ஒவ்வொரு மாற்றத்துக்கும்’ என்பதைக் கவனியுங்கள். வெளியே நீட்டிய அகல வீல், சத்தம் போடும் சைலன்சர், சஸ்பென்ஷன் மூன்றும் இருந்தால் அது மூன்றாகத்தான் கணக்காகும்.

ஆர்.சி. புத்தகத்தில் சஸ்பென்ஷன் என்று ஒரு கட்டம் கிடையாது. அதைக் காட்டி, ‘ஆர்.சி.யில இல்ல, அதனால பிரச்சினை இல்ல’ என்று விற்பவர்கள் சொல்வார்கள். அந்த வாய்வார்த்தை சாலையில் நிறுத்தும்போது உதவாது. எழுத்தில் வாங்குங்கள். உங்கள் வண்டி எந்த வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவாகியிருக்கிறதோ அங்கே ஒரு மனு கொடுக்க வேண்டும். சேர்க்க வேண்டியவை:

ஆர்.சி. நகல், நடப்பு இன்சூரன்ஸ் நகல், உங்கள் அடையாளச் சான்று. கிட்டின் தயாரிப்பாளர் வெளியிட்ட விவரத்தாள், உங்கள் கார் மாடலுக்கு அது பொருந்தும் என்று அச்சிட்ட பக்கத்தோடு. வெட்டுதல், வெல்டிங் எதுவும் இல்லை, பழைய ஸ்பிரிங்கைத் திரும்பப் பொருத்த முடியும் என்று பட்டறை லெட்டர்பேடில் ஒரு கடிதம். இப்போதைய நிலையில் வண்டியின் நான்கு பக்கமும் அடிப்பாகமும் தெரியும் படங்கள்.

மனுவின் இரண்டாவது பிரதியில் சீல் போட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். முடிந்தால் பிரேக் இன்ஸ்பெக்டரை (மோட்டார் வாகன ஆய்வாளரை) நேரில் பார்த்து விவரத்தாளைக் காட்டிப் பேசுங்கள். காலை நேரம் எஃப்.சி. வண்டிகளும் லைசென்ஸ் டெஸ்ட்டுமாக அவருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. மதியத்துக்கு மேல் போனால் நின்று கேட்பார். பதில் ‘கூடாது’ என்று வந்தால் முழு செட்டை அங்கேயே கைவிடுங்கள். அதற்குப் பிறகும் இந்த ஆசை தீரவில்லை என்றால், கம்பெனியிலிருந்தே ஏர் சஸ்பென்ஷனோடு வந்த பழைய ஆடி க்யூ7, மெர்சிடிஸ் மாதிரி வண்டியைப் பாருங்கள். அது தயாரிப்பாளர் கொடுத்தது, யாரும் கேள்வி கேட்க முடியாது. ஆனால் வாங்கும் முன் வண்டியை இரவு முழுக்க நிறுத்தச் சொல்லி, காலையில் ஏதாவது ஒரு மூலை இறங்கியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அடுத்தது இன்சூரன்ஸ். மாற்றத்தை இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கடிதமாகவோ மெயிலாகவோ தெரிவித்து, பாலிசியில் எண்டார்ஸ்மென்ட் (மாற்றத்தைச் சேர்த்த எழுத்துப்பூர்வக் குறிப்பு) கேளுங்கள். பிரீமியம் கொஞ்சம் கூடும். சொல்லாமல் விட்டால், விபத்துக்குப் பிறகு வரும் சர்வேயர் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்த அடுத்த நிமிடமே சொந்தச் சேதத்துக்கான கிளெய்ம் ஆட்டம் காணும். ஏஜென்ட் ‘நான் பாத்துக்கிறேன்’ என்பார். அவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் கிளெய்மை முடிவு செய்வது அவர் இல்லை. வண்டிமேல் கடன் பாக்கி இருந்தால் வங்கியின் எழுத்துப்பூர்வச் சம்மதமும் வேண்டும். வாரண்டியில் இருக்கும் வண்டி என்றால் சஸ்பென்ஷன், ஸ்டியரிங், எலெக்ட்ரிக்கல் சம்பந்தப்பட்ட வாரண்டி போய்விடும் என்று முடிவு செய்துகொண்டு இறங்குங்கள்.

இந்தக் காகித வேலைக்கு மட்டும் ஒன்றிரண்டு மாதம் ஒதுக்குங்கள்.

3. பணக் கணக்கு

உதவிப் பெல்லோ பொருள், கூலி எல்லாம் சேர்த்துச் சில ஆயிரங்களில் தொடங்கி முப்பதாயிரத்துக்குள் முடியும். முழு செட் என்றால் இரண்டரை லட்சத்துக்குக் குறைவாக நினைக்கவே வேண்டாம். நல்ல பிராண்ட் ஸ்ட்ரட், உயரத்தை அளக்கும் சென்சார் வைத்த கன்ட்ரோலர், இரட்டைக் கம்ப்ரஸர் என்று போனால் ஐந்து லட்சத்தைத் தாண்டும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் பொருளின் விலையை மட்டும் பார்க்காதீர்கள். சுங்க வரி பொருள் விலை, கூரியர், இன்சூரன்ஸ் மூன்றும் சேர்ந்த தொகைமேல் விழும். அந்த மொத்தத்தின்மேல் ஜி.எஸ்.டி. வேறு. வாகன உதிரிபாகங்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் அது 18 சதவீதம். பொருள் விலையில் பாதியைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு ஆர்டர் போடுவது நல்லது. ஆதார், பான் நகல்களைக் கூரியர் கம்பெனியின் கே.ஒய்.சி. பக்கத்தில் முன்கூட்டியே ஏற்றிவிடுங்கள். பார்சல் சுங்கத்தில் நின்ற பிறகு ஏற்றினால், தாமதமான நாட்களுக்கு வாடகை கேட்பார்கள். இன்வாய்ஸில் விலையைக் குறைத்துப் போடட்டுமா என்று விற்பவர் கேட்பார், வேண்டாம் என்று சொல்லுங்கள். நாளைக்கு இன்சூரன்ஸில் இந்த பில்லைத்தான் காட்டப்போகிறீர்கள்.

மேலே சொன்னதில் வராத சில்லறைச் செலவுகள்: வீல் அலைன்மென்ட் இரண்டு முறை, ஒயரிங் சாமான், உதிரி ஃபிட்டிங், பழைய ஸ்பிரிங்கை எடுத்து வைக்க இடம். பழைய ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் ஒருபோதும் விற்காதீர்கள். வண்டியை விற்கும்போதும், அதிகாரி கழற்றச் சொல்லும்போதும் அதுதான் உங்களைக் காப்பாற்றும்.

4. பட்டறை

கார் ஆக்சஸரி கடைகளில் ஸ்டிக்கர், சவுண்ட் சிஸ்டம் நன்றாகச் செய்வார்கள். காற்று லைன் வேறு வேலை. சேலம், நாமக்கல், கரூர் பக்கம் ஆம்னி பஸ்களுக்குப் பெல்லோவும் லெவலிங் வால்வும் மாற்றிப் பழகிய மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். காற்றுக் கசிவை அவர்கள் காதாலேயே கண்டுபிடிப்பார்கள். நல்ல சஸ்பென்ஷன் மெக்கானிக் ஒருவரும் இப்படிப்பட்ட பஸ் மெக்கானிக் ஒருவரும் சேர்ந்து செய்தால், பெங்களூர் போகவே வேண்டாம். ஒன்று மட்டும் கவனம். பஸ்காரர்கள் காற்றைக் கிலோவில் பேசுவார்கள், உங்கள் கிட் பி.எஸ்.ஐ.யில் பேசும். ஒரு கிலோ என்பது ஏறத்தாழ 14 பி.எஸ்.ஐ. இந்தக் கணக்கைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

ஆயுத பூஜை வாரத்தில் வேலையை ஆரம்பிக்காதீர்கள், பட்டறையில் ஆள் இருக்காது. ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகை நாட்களிலும் அப்படித்தான். முழு செட்டுக்கு மூன்று நான்கு வேலை நாட்கள் தொடர்ந்து கிடைக்க வேண்டும். பாதியில் நின்ற வண்டியில் சாமான் தொலையும்.

5. பொருத்தும்போது பக்கத்தில் நில்லுங்கள்

எல்லாவற்றுக்கும் முன்னால் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். காற்றில் நிற்கும் வண்டிக்கு அடியில் யாரும் போகக் கூடாது. ஒரு ஃபிட்டிங் கழன்றால் கார் ஒரு நொடியில் இறங்கிவிடும். இரும்பு ஸ்டாண்டு போட்ட பிறகுதான் கை உள்ளே போக வேண்டும். மெக்கானிக் அவசரப்பட்டாலும் நீங்கள் விடாதீர்கள்.

பெரும்பாலான கசிவுக்குக் காரணம் ஃபிட்டிங். அமெரிக்க டேங்க்கிலும் வால்விலும் இருப்பது என்.பி.டி. என்ற அமெரிக்க அளவு மரை. நம் ஊர் ஹைட்ராலிக், நியூமேட்டிக் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது பி.எஸ்.பி. என்ற பிரிட்டிஷ் அளவு மரை. கால் இஞ்ச் அளவில் என்.பி.டி.க்கு ஒரு இஞ்சுக்கு 18 மரை, பி.எஸ்.பி.க்கு 19. இரண்டு சுற்று சரியாக ஏறும், பிறகு இறுகும், ‘நல்லா டைட் ஆயிடுச்சு’ என்று தோன்றும். உண்மையில் மரை நசுங்கிக்கொண்டிருக்கும். டியூபும் இதே கதைதான். மூன்றெட்டு (3/8) இஞ்ச் டியூப் 9.5 மில்லி மீட்டர். அது 10 மில்லி மீட்டர் ஃபிட்டிங்கில் நுழையும், காற்று மட்டும் நிற்காது. ஆகவே ஃபிட்டிங் அத்தனையையும் கிட்டோடு சேர்த்து ஒரே இடத்தில் வாங்குங்கள், நான்கைந்து உபரியும் வையுங்கள்.

டியூபை ஆக்ஸா பிளேடால் அறுக்க விடாதீர்கள். முனை கோணலாகும், பிசிறு ஓ-ரிங்கைக் கிழிக்கும். டியூப் கட்டர் விலை சில நூறு ரூபாய்தான், நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள். டெஃப்லான் டேப் சுற்றும்போது முன்னால் இரண்டு மரையை விட்டுச் சுற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் டேப் துணுக்கு வால்வுக்குள் போய் அடைத்துக்கொள்ளும்.

மலைப்பாதைக்காரர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய ஒன்று: இடது, வலது பெல்லோக்களை ஒரே லைனில் டீ (T வடிவ இணைப்பு) போட்டு இணைக்கவே கூடாது. சாமான் மிச்சம் என்று இப்படிச் செய்வார்கள். நேர் ரோட்டில் வித்தியாசமே தெரியாது. வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கம் பாரம் ஏறும், அந்தப் பக்கத்துக் காற்று டீ வழியாக உள்பக்கத்துக்கு ஓடும். எந்தப் பக்கம் தாங்க வேண்டுமோ அந்தப் பக்கமே அமுங்கிப் போகும். கொண்டை ஊசி வளைவில் கார் படகு மாதிரி சாயும். உதவிப் பெல்லோ என்றாலும் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி லைன், தனித்தனி வால்வ். பட்டறைக்குப் போகும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.

பெல்லோ எதன்மேலும் உரசக் கூடாது. காற்று முழுக்க இறங்கிய நிலை, முழுக்க ஏறிய நிலை, ஸ்டியரிங் இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்த நிலை எல்லாவற்றிலும் பெல்லோவைச் சுற்றி விரல் போக இடம் இருக்க வேண்டும். பிரேக் ஹோஸும் ஏ.பி.எஸ். ஒயரும் இழுபடாமல் தொய்வாக இருக்கின்றனவா என்று அதே நேரத்தில் பாருங்கள்.

கரண்ட் விஷயத்தில் கஞ்சம் வேண்டாம். ஒரு பெரிய கம்ப்ரஸர் 20 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், இரண்டு போட்டால் 40. ஹாரன் ஒயரிலிருந்து எடுத்தால் எரியும். பேட்டரியிலிருந்து தனித் தடித்த ஒயர், பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸ், ரிலே, சாவி ஆன் ஆனால் மட்டும் ஓடும் இணைப்பு. டேங்க்கில் சேஃப்டி வால்வும் அடியில் தண்ணீர் வடிக்கும் வால்வும் இருக்க வேண்டும். அழுத்த அளவு முத்திரையில்லாத, உள்ளூரில் வெல்டிங் செய்த டேங்க் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் குடும்பம் உட்காரும் காரில் வைக்காதீர்கள்.

6. கசிவுச் சோதனை

வேலை முடிந்த அன்றே பணத்தைத் தீர்த்து வண்டியை எடுக்காதீர்கள். காற்றை நிரப்பி, சக்கர நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை நான்கு மூலையிலும் டேப் வைத்து அளந்து எழுதுங்கள். டேங்க் அழுத்தத்தையும் எழுதுங்கள். இரவு முழுக்கப் பட்டறையிலேயே நிற்கட்டும். காலையில் ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் அந்தப் பெல்லோ அல்லது அதன் லைன். நான்கும் நின்று டேங்க் மட்டும் குறைந்திருந்தால் டேங்க் ஃபிட்டிங் அல்லது செக் வால்வ் (காற்று திரும்பி ஓடாமல் தடுப்பது). சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி காட்டிக்கொடுக்கும்.

7. ஓட்டும் உயரத்தில் அலைன்மென்ட்

உயரம் மாறினால் கேம்பரும் (சக்கரம் மேலிருந்து கீழாகச் சாயும் கோணம்) டோவும் (சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மாறும். கார் படுத்திருக்கும்போது அலைன்மென்ட் செய்தால் ஓட்டும்போது டயரின் உள்விளிம்பு தேய்ந்துவிடும். ஆகவே ஓட்டும் உயரத்தை முடிவு செய்து, கன்ட்ரோலரில் பதிவு செய்து, அதற்குப் பிறகுதான் அலைன்மென்ட் மேடையில் ஏற்ற வேண்டும். ஓட்டும் உயரத்தைக் கம்பெனி கொடுத்த உயரத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள் என்பது என் ஆலோசனை. படுக்க வைப்பது நிறுத்திய பிறகு மட்டும். ஹெட்லைட்டையும் அதே நாளில் சரிபாருங்கள். முன்பக்கம் சற்றுத் தூக்கியிருந்தாலே எதிரே வருபவர் கண் கூசும், இரவில் மலைப்பாதையில் அது ஆபத்து.

8. முதல் ஏற்காடு பயணம்

முதல் இரண்டு வாரம் ஊருக்குள் ஓட்டுங்கள். ஐந்து ரோடு, கொண்டலாம்பட்டி, சீலநாயக்கன்பட்டி என்று மேடு பள்ளம் எல்லாம் பார்க்கட்டும். பிறகு ஒரு வார நாளில், தனியாக, வெளிச்சத்தில் ஏறுங்கள். மே மாதக் கோடை விழா நெரிசலில் சோதனை ஓட்டம் வேண்டாம்.

கோரிமேட்டைத் தாண்டி அடிவாரத்தில் நிறுத்தி நான்கு மூலை உயரத்தையும் அளந்து குறியுங்கள். ஏறும்போது ஜன்னலைத் திறந்து வைத்து, முழு ஒடிப்பில் டயர் உள்ளே லைனரில் (சக்கரக் குழியின் பிளாஸ்டிக் உறையில்) உரசும் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். வந்தால் அங்கேயே உயரத்தைக் கூட்டுங்கள், ஊர் திரும்பிய பிறகு என்று தள்ளிப்போடாதீர்கள். ஓடும்போது எந்த மூலையிலும் காற்றை இறக்காதீர்கள். கம்பெனி பக்கவாட்டுச் சாய்வைத் தடுக்கக் கொடுத்த ஆன்டி ரோல் பாரை யாராவது கழற்றியிருந்தால் இங்கே தெரிந்துவிடும், பட்டறைக்கே திரும்புங்கள்.

மேலே போனதும் சில விஷயங்கள் மாறும். சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் அளவில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டர். வெளிக்காற்றின் அழுத்தம் இரண்டு பி.எஸ்.ஐ. போலக் குறைவதால் பெல்லோ கொஞ்சம் உப்பப் பார்க்கும். குளிர் அதைச் சுருக்கப் பார்க்கும். பகலில் இரண்டும் ஏறக்குறையச் சரிக்கட்டிவிடும். மார்கழி, தை மாதத்தில் இரவு தங்கினால் குளிர் ஜெயிக்கும், காலையில் கார் சற்று இறங்கி நிற்கும். நான்கு மூலையும் ஒரே அளவில் இறங்கியிருந்தால் அது கசிவு இல்லை. காற்றைச் சேர்த்துக்கொண்டு கிளம்பலாம். ஆனால் சேர்த்த அந்தக் காற்றோடு வெயிலில் சேலம் இறங்கினால் கார் தூக்கிக்கொண்டு நிற்கும், அடிவாரத்தில் மறுபடி அளந்து விட்டுவிடுங்கள். காற்றின் அடர்த்தி குறைவதால் கம்ப்ரஸர் மேலே டேங்க்கை நிரப்பக் கூடுதல் நேரம் எடுக்கும், சூடும் ஏறும். ஏரிக்கரையில் நிறுத்திவிட்டு நண்பர்களுக்குக் காட்ட ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தால் கம்ப்ரஸர் சூடேறித் தானாக அணைந்து (தெர்மல் கட் ஆகி) நின்றுவிடும். பிறகு ஆறும் வரை காத்திருக்க வேண்டும்.

9. பிறகு

டேங்க் தண்ணீரை வாரம் ஒரு முறை வடியுங்கள், மழைக்காலத்தில் இரண்டு முறை. பெல்லோவை வெறும் தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவினால் போதும், டயர் பாலிஷ், டீசல், கிரீஸ் எதுவும் அதன்மேல் படக் கூடாது. ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டுக்கும் டார்க் ரென்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) வைத்துப் பார்க்கச் சொல்லி, அலைன்மென்ட்டை இரண்டாவது முறை செய்யுங்கள்.

டிக்கியில் எப்போதும் இருக்க வேண்டியவை: இரண்டு மீட்டர் டியூப், டியூப் கட்டர், நேர் ஃபிட்டிங் இரண்டு, உபரி ஃபியூஸ், ரிலே, சோப்புத் தண்ணீர் பாட்டில், கைக்கு அடக்கமான 12 வோல்ட் பம்ப். வால்வ் பிளாக்கைத் தாண்டி ஒவ்வொரு பெல்லோவுக்கும் ஒரு டயர் வால்வ் வைத்துக் கேளுங்கள், செலவு சொற்பம். கம்ப்ரஸரோ கன்ட்ரோலரோ பன்னிரண்டாவது வளைவில் நின்றுபோனாலும் அந்தப் பம்பால் காற்றடித்து வீடு வந்து சேரலாம். கிளவ் பாக்ஸில் கிட் பில், பட்டறைக் கடிதம், இன்சூரன்ஸ் எண்டார்ஸ்மென்ட், ஆர்.டி.ஓ. பதில் நான்கின் நகலையும் ஒரே கவரில் வையுங்கள். மூலம் வீட்டில் இருக்கட்டும்.